மாடிப்படியில் படித்த சீனம்

நான் சீன மொழி படிக்கப் போனது கோபத்தில். அமீர்பேட்டில் இத்தனை கோச்சிங் போர்டுகள் முளைக்காத காலம் அது. ஒரு பழைய பங்களாவின் மாடியில் சாயங்கால வகுப்பாக அயல்மொழிகள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஒரு அரசாங்கக் கம்பெனியின் நூலகத்தில் கிளார்க் வேலை. ஜெர்மன் படித்தால் ஆபீஸில் மதிப்பு என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் வாங்கப் போனேன். ஜெர்மனில் இடம் இல்லை என்றார் கவுன்டரில் இருந்தவர். "அப்ப இது?" என்று பட்டியலின் கடைசி வரியைக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சைனீஸா? நக்கோ மா, வேணாம். லேடீஸுக்கு வராது," என்றார். அவ்வளவுதான். அவருடைய பேனாவையே பிடுங்காத குறையாக வாங்கி, அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று படித்துப் பார்த்தேன்.

எழுத்து எனக்குச் சுலபமாக வந்தது. நூலகத்தில் அட்டைகளை அடுக்கி அடுக்கி எனக்குப் பொறுமை ஏராளம், ஒரே எழுத்தை நூறு தடவை எழுதச் சொன்னால் நூற்றுப் பத்து எழுதுவேன். பேச்சுதான் உதைத்தது. அதிலும் திசை காட்டும் வினைகள் என்று ஒரு பாடம் வந்தது பாருங்கள், அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஷாங் என்றால் ஏறு. சியா என்றால் இறங்கு. லாய் என்றால் வா, ச்யூ என்றால் போ. சேர்த்துச் சொன்னால் ஷாங்லாய், ஏறி வா. சியாச்யூ, இறங்கிப் போ. இதில் என்ன கஷ்டம், நாமும் இப்படித்தானே பேசுகிறோம் என்று இருந்தேன். அடுத்த வாரம் அந்தச் சின்ன வினைகள் எல்லாம் மற்ற வினைகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பிவிட்டன. "சிரித்து எழு" என்றால் சிரிக்க ஆரம்பி என்று அர்த்தமாம். "பேசி இறங்கிப் போ" என்றால் பேச்சை நிறுத்தாமல் மேலே பேசு. "பார்த்து வெளியே வா" என்றால் பார்த்துக் கண்டுபிடி. மயக்கம் போட்டவன் தெளிந்தால் அவன் "விழித்து இந்தப் பக்கம் வருகிறான்". ஒருவர்மேல் ஆசை வந்துவிட்டால் "காதலித்து ஏறு".

இதைக் கேட்டதும் என் கணவர், "சினிமாவுல எல்லாவனும் காதல்ல விழுதான். சீனாக்காரன் ஒருத்தன்தான் வெவரமா ஏறுதான்," என்றார்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பால் கெட்டுப் போகிறது, தூக்கம் வருகிறது, கோபம் தலைக்கு ஏறுகிறது. பாலுக்குக் கால் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. சொந்த மொழியில் அது நடந்து போவது கண்ணில் படுவதே இல்லை. இதை நான் வகுப்பில் சொல்லி நல்ல பெயர்கூட வாங்கினேன். ஆனால் வாயைத் திறந்து சீனத்தில் ஒரு வாக்கியம் சொல் என்றால் ஏறுவதும் இறங்குவதும் எனக்குள் மோதிக்கொண்டு நின்றன.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். இரண்டு குடும்பமும் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், என் மாமியார் வீட்டில் இன்னும் திருநெல்வேலித் தமிழ்தான். கணவர் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் லேத் ஓட்டுகிற டர்னர். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். எனக்கு அந்த ஏழு மாதமும் கால் தரையில் படவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு தனியாகச் சிரிப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி நிற்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் உபரி ஊழியர் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. வடக்கே இருக்கும் யூனிட்டுக்கு மாற்றல். ரயிலில் இரண்டு பகல், இரண்டு ராத்திரி. கணவருடைய கம்பெனிக்குச் சனத்நகரை விட்டால் வேறு இடமே கிடையாது, அவர் என்னோடு வர வழியில்லை. கெஞ்சிக் கூத்தாடி விசாரித்ததில் ஒரே ஒரு சந்து தெரிந்தது. மொழிபெயர்ப்புப் பிரிவில் சீனத் தொழில்நுட்பப் பத்திரிகைகள் ஒரு அலமாரி நிறைய யாரும் தொடாமல் கிடந்தன. அந்த மொழியில் சான்றிதழ் இருந்தால் என்னை அங்கே வைத்துக்கொள்வார்களாம். எழுத்துத் தேர்வு ஏற்கெனவே தேறியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது.

அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். சாதாரண நாளில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் பாட்டுப் பாடுகிற மனுஷன். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து என் நோட்டை எடுத்துப் புரட்டினார். "ஏட்டி, வீட்டுல ஒரு நிமிஷம் வாய மூட மாட்டேங்க. சீனத்துல மட்டும் மூடிருவியாக்கும்?" என்றார்.

"எனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது."

"மனசுல எதுக்கு நிக்கணும்? எங்க ஷாப்புல எவனுக்கும் போர்டுல எழுதிப்போட்டுத் தொழில் வந்ததில்ல. உடம்பு செஞ்சாத்தான் மண்டையில ஏறும். எந்திரி. படிக்கு வா."

இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் கூத்து. நோட்டில் இருந்த சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். லேத் பக்கத்தில் அதை ஒட்டிவைத்துக்கொண்டு பகலெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்துவிட்டு வருவார். சாயங்காலம் காபி குடித்ததும் மாடிப்படி. மொத்தம் முப்பத்தாறு படி. அவர் மேலே நின்றால் "ஷாங்லாய்!" என்பார், நான் ஏறி அவரிடம் வர வேண்டும். அவர் கீழே நின்றால் "ஷாங்ச்யூ!" என்பார், நான் அவரை விட்டு ஏறிப் போக வேண்டும். "ஜின்லாய்" என்றால் வீட்டுக்குள் வா, "ச்சூச்யூ" என்றால் வெளியே போ. ஒரு கால் தப்பாக எடுத்துவைத்தாலும் அடியிலிருந்து திரும்ப. முதல் வாரம் என் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. இரண்டாவது வாரம் அவர் வாயைத் திறக்கும்போதே என் கால் கிளம்பிவிட்டது. ஐயோ, எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

வால் பிடித்த வினைகளுக்கு அவர் தனி வித்தை வைத்திருந்தார். "சிரித்து எழு" என்று சீனத்தில் உத்தரவு வந்தால், படியில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் நான் சடாரென்று எழுந்து சிரிக்க வேண்டும். "பேசி இறங்கிப் போ" என்றால் அடிவரைக்கும் மூச்சு விடாமல் எதையாவது பேசிக்கொண்டே இறங்க வேண்டும். என்ன பேசுவது? வேறென்ன, அவரைத் திட்டுவேன். "ஈரத் துண்ட கட்டில்ல போடுறது, பேஸ்ட்டு மூடிய தொலைக்கிறது, மீன் கொழம்புன்னா மட்டும் வேகமா வர்றது, உங்கம்மா உங்கள வளத்த லட்சணம்..." தமிழில்தான். அவர் மேலே நின்று கைதட்டி, சீனத்தில் "இன்னும், இன்னும்" என்பார். மயக்கம் தெளிவதற்கு நடுப்படியில் விழுந்து கிடந்து, உத்தரவு வந்ததும் கண்ணைத் திறந்து மெதுவாக எழுந்து வருவேன். கண்டுபிடிப்பதற்குக் கையை நெற்றியில் வைத்துக் கூர்ந்து பார்த்துவிட்டு "ஆ!" என்று கத்துவேன்.

இதையெல்லாம் கீழ்வீட்டு அக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர்களும் எங்கள் சபைதான், ஞாயிறு ஆராதனையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருபவர்கள். தினமும் சாயங்காலம் ஒரு ஆண்பிள்ளை புரியாத பாஷையில் சத்தம் போடுகிறான், பெண்பிள்ளை விழுகிறாள், எழுகிறாள், சிரிக்கிறாள், புலம்பிக்கொண்டே ஓடுகிறாள். அந்த அக்கா என்னதான் நினைப்பார்கள்? ஒரு தடவை என்னிடமே, எங்கள் ஊர் உருதுவைக் கலந்து, "கைக்கு மா, ஏன் இப்படி, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கேன் அக்கா," என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். அது போதாதா அவர்களுக்கு, நேரே போதகரிடம் போய்விட்டார்கள்.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை போதகர் வந்தார், கையில் வேதாகமம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். என்னை ஒரு முறை, என் கணவரை ஒரு முறை பார்த்தார். முகம் ரொம்ப வருத்தமாக இருந்தது.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லணும். இந்தப் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போறீங்களா?"

"இல்லையே ஐயா," என்றார் கணவர்.

"அப்ப அந்நிய பாஷை எப்படி வந்தது? யார் கைவச்சு ஜெபம் பண்ணினது?"

"யாரும் பண்ணல ஐயா. நோட்டுல எழுதி வச்சிருக்கோம்."

"நோட்டிலயா!"

பரிசுத்த ஆவி இறங்கினால் தானாக வர வேண்டிய அந்நிய பாஷையை நோட்டில் எழுதிவைத்துப் பேசுகிற சபையை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. என்னால் அடக்க முடியவில்லை, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அங்கே போய்ச் சிரித்ததில் காபிப் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன். நான் திரும்பி வந்து நின்றதும் கணவர் நோட்டை எடுத்துவந்து காட்டி, மாற்றல் விஷயத்தைச் சொல்ல, போதகர் மெல்ல மெல்ல முகம் மாறி, கடைசியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சரி, பாஷை பேசுறது யாரு?"

"நான்தான் ஐயா," என்றார் கணவர்.

"இந்தப் பிள்ளை?"

"அவ ஓடுவா."

மூன்று பேரும் மறுபடி சிரித்தோம். புத்தி இருந்தால் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. போதகர் எழுந்து நின்று, "ஆண்டவரே, பாபேலில் நீர் தாறுமாறாக்கின பாஷைகளில் ஒன்றை இந்தப் பிள்ளைக்குத் தயவாய்த் தாரும்," என்று ஜெபம் செய்துவிட்டு, இரண்டாம் முறை போட்ட காபியைக் குடித்துப் போனார். நாங்கள் உடனே படிக்குப் போய்விட்டோம்.

தேர்வு நாளன்று அவர் லீவு போட்டுவிட்டு, என்னை ஸ்கூட்டரில் ஏற்றி அமீர்பேட்டுக்குக் கொண்டுவந்தார். பங்களா காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போ. எனக்குப் பயமே இல்ல," என்றார். சொன்ன வாயில் இரண்டு உதடும் வெளுத்திருந்தன. எனக்கு உண்மையாகவே பயம் இல்லை. முப்பத்தாறு படி ஏறி இறங்கினவளுக்கு அந்தப் பங்களாவின் பதினெட்டுப் படி எம்மாத்திரம்?

தேர்வாளர் டெல்லியிலிருந்து வந்த அம்மாள், வெட்டிய தலைமுடி, கனத்த கண்ணாடி. வாசலில் ஒரு வயதான அட்டெண்டர். அம்மாள் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அவர் சீனத்தில் ஏதேதோ சொன்னார், ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எழுந்திரு என்றார். அவர் முடிப்பதற்குள் நின்றேன். வெளியே போ என்றார். வராந்தாவில் நின்றேன். உள்ளே வா, வந்தேன். சிரிக்க ஆரம்பி என்றார், நான் சிரித்ததில் அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் புதிதாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லது," என்றார். "இப்போது நீ சொல்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

திரும்பத் திறந்தேன். என் கால் விரல்கள் செருப்புக்குள் நெளிந்தன, வாயில் மட்டும் எச்சில்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாளும் பேசினது அவர். நான் ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன், திட்டியதைக்கூடத் தமிழில் திட்டினேன். ஒரு சீனச் சொல்லை, ஒரே ஒரு சொல்லை, நான் வாயால் சொல்லிப் பார்க்கவே இல்லை. இந்த ஊரில் அந்தப் பாடத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய ஆள் கீழே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டருக்குக் காவல் நிற்கிறார். மடச்சி, அடி மடச்சி! அவர்மேலும் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. அம்மாளின் பென்சில் மதிப்பெண் கட்டத்துக்கு நகர்வதைப் பார்த்தேன்.

"மேடம்," என்றேன் இங்கிலீஷில், "எனக்கு ஒரு ஆள் வேண்டும்."

"ஆளா?"

"நான் சொன்னால் ஓடுவதற்கு. ஆள் இல்லாமல் எனக்குச் சொல்ல வராது."

அம்மாள் அட்டெண்டரைப் பார்த்தார். அவர் உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நக்கோ மேடம், குட்னே துக்ரே," என்றார். மூட்டு வலி பாவம். நான் அதற்குமேல் அனுமதி கேட்கவில்லை, வராந்தாக் கைப்பிடிக்கு ஓடினேன். "ஏங்க!" என்று கூப்பிட வாயெடுத்தேன். பின்னாலிருந்து அம்மாள், "சீனத்தில்," என்றார்.

அவர் மரத்தடியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்தது பாருங்கள்.

"ஷாங்லாய்!"

தன்னுடைய வசனத்தை வேறு யாரோ பேசுவதைக் கேட்டு அவர் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். பிறகு, என் ராசா, இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தார்.

அப்புறம் என்னை யார் நிறுத்துவது? உள்ளே வா என்றேன், வந்தார். உட்கார், எழுந்திரு, சிரி. ஆலைச் சங்கு ஊதுவது மாதிரிச் சிரித்தார். பேசிக்கொண்டே இறங்கிப் போ என்றேன். "லேத்துல மொதல்ல ஜாப்ப மாட்டணும், சென்டர் பாக்கணும், டூல் மொன மழுங்கியிருக்கான்னு பாக்கணும்..." என்று திருநெல்வேலித் தமிழில் தொழில் பாடம் சொல்லிக்கொண்டே இறங்கினார். அம்மாளும் வராந்தாவுக்கு வந்துவிட்டார், வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் வெல்லமாக நாக்கில் இறங்கியது. காம்பவுண்டுக்குப் போ. கேட்டைத் தாண்டி வெளியே போ. ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போ. எல்லாவற்றையும் செய்தார். ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் இரானி ஹோட்டல் முன்னால் போய், முதுகைக் காட்டி நின்றார்.

அப்போது ஒரு பஸ் வந்து குறுக்கே நின்றது. அது நகர்ந்தபோது அவரைக் காணவில்லை. இறங்கினவர்களும் ஏறக் காத்திருந்தவர்களுமாக ஒரே தலைகள்.

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நான் ஒரு ஊர், அவர் ஒரு ஊர், நடுவில் ரயில் போய்க்கொண்டிருக்கும். அனுப்பினது நான்தான், என் வாயால் ஒவ்வொரு அடியாகத் தள்ளித் தள்ளி அனுப்பியிருக்கிறேன்.

"போதும்," என்றார் அம்மாள் சீனத்தில். "அவரைக் கூப்பிடு."

"ஹுயிலாய்!" என்று கத்தினேன். திரும்பி வா. "ஹுயிலாய்! ஹுயிலாய்!"

எங்கள் படியில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. அவர் எப்போதும் எதிரிலேயே நின்றார், எங்கிருந்து திரும்புவது? எப்போதோ வகுப்பில் கேட்டது எங்கே கிடந்ததோ, மூன்று தடவை கத்திவிட்டேன். ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டார். தலைகளுக்கு நடுவே ஒரு கை உயர்ந்தது. அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் ஓடிவந்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். "யார் அவர்?" என்று அம்மாள் சீனத்தில் கேட்டார்.

"என் கணவர்," என்றேன் சீனத்தில். "நான் தேறாவிட்டால் தூரத்து ஊருக்குப் போக வேண்டும். அவர் வர முடியாது."

எந்த நோட்டிலும் இல்லாத வாக்கியம். எங்கேயும் முட்டவில்லை. அம்மாள் என்னைப் பார்த்தார், வராந்தாக் கைப்பிடிமேலேயே தாளை வைத்து மதிப்பெண்ணை எழுதினார், மூன்று நாலு சொல்லில் எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குள் அவர் மேலே வந்துவிட்டார். சட்டை பூரா வேர்வை, மூச்சு இரைத்தது.

"என்னட்டி... என்ன சொல்லுதாங்க?"

"போக வேண்டாம்னு சொல்லுதாங்க," என்றேன்.

அவர் மேல்படியில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டெண்டர் வந்து, அடுத்த ஆள் போக வேண்டும், கொஞ்சம் வழி விடுங்கள் என்றார். நாங்கள் அசையவில்லை.